பாகர்வடி என்றொரு சர்வர்

1. நான்காவது எது?

தொண்ணூறுகளின் நடுவில், புணேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சிஸ்டம்ஸ் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். அப்போது எங்கள் சர்வர்களுக்கு எண்கள்தாம் பெயர். மெஷின் ரூமை வேறு தளத்துக்கு மாற்றிய மறுநாள், நான்காம் சர்வரை அணைத்து டிஸ்க் மாற்றும்படி ஆபரேட்டர் ஷிண்டேயிடம் சொன்னேன். அவர் கதவிலிருந்து எண்ணிக்கொண்டு போய், நான்காவதாக நின்றதை அணைத்தார். சுமை தூக்கியவர்கள் வரிசையை மாற்றி வைத்திருந்தார்கள். அணைந்தது ஏழாம் சர்வர். வாடிக்கையாளருக்காக ஒரு வாரமாக அதில் ஓடிக்கொண்டிருந்த டேட்டா கன்வர்ஷன் பாதியில் அறுந்தது.

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?" என்று ஜி.எம். இரைந்தார்.

ஷிண்டேவுக்காகப் பதில் சொன்னவள் வைதேகி. மெஷின் ரூம் பொறுப்பாளர்; என் மனைவியும்கூட.

"படிக்கத் தெரியும் சார். நம்பர்னு வெச்சா யாரா இருந்தாலும் எண்ணத்தான் செய்வாங்க. எண்ண முடியாத பேரா வெக்கணும்."

2. ஸாஸுபாய் டவுன்

அந்த வாரமே பெயர்கள் வந்தன. மூன்று பழைய மெஷின்களின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியது மிசல், பயறும் மிக்ஸரும் கலந்த இவ்வூர்ப் பண்டம். மற்றவற்றைக் கண்காணித்து, சின்னக் குறைக்கும் பீப் அடிப்பது ஸாஸுபாய், மராத்தியில் மாமியார். பின்புறம் கேபிள்கள் சுருண்டு கிடந்தது பாகர்வடி. இவ்வூர்க்காரர்கள் டீயோடு கடிக்கும் சுருள் பலகாரம்.

"க்ளையன்ட் கிட்ட என்னன்னு சொல்றது? ஸாஸுபாய் டவுன்னா?" என்றார் ஜி.எம்.

"சொல்லிப் பாருங்க சார். மறக்கவே மாட்டாங்க," என்றாள் வைதேகி.

"மருமகள்கள் ஸ்வீட் கொடுப்பாங்க மேடம்," என்றார் ஷிண்டே. அணைத்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

பின்னணியில் ஓயாது இயங்கும் நிரல் 'டீமன்', அதாவது பூதம். எதிர்முனை விழித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது 'பிங்'. இத்துறையின் வினோதப் பெயர்கள் பலவும் இப்படி வேலைக்கு நடுவே யாரோ ஒருவர் வாயில் விழுந்தவையாகத்தான் இருக்க வேண்டும். சுற்றறிக்கையில் வந்த பெயர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எதுவும் நிலைத்ததில்லை.

வைதேகி ஒரு விதியும் வைத்தாள். மெஷின் ஓய்வுபெற்றால் பெயரும் ஓய்வுபெற வேண்டும். வேறொன்றுக்குச் சூட்டக் கூடாது. எவரோ என்றோ எழுதி, தானாக ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைத் தொகுப்பு, ஸ்க்ரிப்ட், பழைய பெயரைத் தேடி வரும். அதே பெயரில் புது மெஷின் நின்றால், செய்யக் கூடாததைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகும். பெயர் இல்லையென்றால் எர்ரர் அடித்து நிற்கும், நாம் திருத்திக்கொள்ளலாம்.

3. பெயரை எடுத்தல்

நிறுவனம் நகர ஓரத்து ஹிஞ்சேவாடிக்குப் போன சில ஆண்டுகளில் வைதேகி இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நான் வேலைக்குத் திரும்பியபோது அவள் பெயரிட்டவற்றில் பாகர்வடி ஒன்றே மிச்சம். அதற்கு மாற்றான புது மெஷினும் வந்து இறங்கியிருந்தது. மெஷின் ரூம் பொறுப்பை ஏற்றிருந்த செல்வம் என் மேஜைக்கு வந்தார். புணேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் இந்தி தானாக வந்து கலக்கும்.

"சார், புதுசுக்கும் அதே பேரு வெச்சுடலாம் சார். ஜி.எம். கூட ஓகே சொல்லிட்டாரு. மேடம் வெச்ச பேரு. ரெஹ்னே தோ சார், இருந்துட்டுப் போகட்டும்."

"மேடத்தோட ரூல் என்ன செல்வம்?"

"தெரியும் சார். ஒரு தடவைக்கு யாரு கேக்கப் போறா?"

"அவங்க கேப்பாங்க."

எல்லோரும் பேசிவைத்து, எனக்காகச் செய்ய முன்வந்த காரியம் அது. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் பாகர்வடியை நம்பி எத்தனை ஸ்க்ரிப்ட்கள் ஓடுகின்றன என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. என் துக்கத்துக்காக அவற்றில் ஒன்று யாருடைய வேலையையாவது அழித்தால், அவளிடம் நான் என்ன சொல்வேன்?

புது மெஷினுக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னேன். மெஷின் பெயர்களின் பதிவேடான டி.என்.எஸ்.ஸிலிருந்து பாகர்வடியை நானே நீக்கினேன். செல்வம் அருகில் நின்றிருந்தார்.

முதல் அழைப்பு அக்கவுன்ட்ஸிலிருந்து. "சார், பாகர்வடி கிடைக்கலையே?" அடுத்தது டெஸ்டிங். பிறகு அமெரிக்காவிலிருந்து ஓர் எஞ்சினியர், நாக்கில் புரளாத அந்தப் பெயரைச் சொல்ல முயன்றுகொண்டே. ஒவ்வோர் அழைப்பிலும் நாங்கள் அறியாத ஒரு ஸ்க்ரிப்ட் அகப்பட்டது. ஒன்று, ஒரு மாதத்துக்கு முந்தைய ஃபைல்களை எல்லாம் அழிப்பது. பழைய மெஷினில் அந்த இடத்தில் இருந்தவை தற்காலிக ஃபைல்கள். புதிதில் அங்கேதான் ப்ராஜெக்ட்களின் சோர்ஸ், மூல நிரல்கள் முழுவதையும் வைத்திருந்தோம்.

"பாப் ரே!" என்றார் செல்வம்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு: பெயரை மனம்போல் வையுங்கள்; சிரிப்பு வந்தால் நல்லது. எடுக்க வேண்டிய நாளில் முழுவதுமாக எடுங்கள். அதைத் தேடி அழைப்பவர்கள் அழைப்பார்கள். ஒவ்வொருவரிடமும் இனி இல்லை என்று சொல்லுங்கள். பாகர்வடியைத் தேடி வந்த அழைப்புகள் நிற்கும்வரை மெஷின் ரூம் தொலைபேசியை நான் வேறு எவரையும் எடுக்க விடவில்லை.