சளியோடு தரம் பார்த்த பன்னிரண்டு மூட்டை

கம்பத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் இருபத்தாறு வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மலையிலிருந்து மூட்டை வந்ததும் கையை உள்ளே விட்டு அடிக்காயை எடுத்து, உரித்து, முகர்ந்து பார்க்கணும். நிறத்தையும் பருமனையும் யாரும் பழகிக்கொள்ளலாம். புகை வாடையும் பூஞ்சை வாடையும் மூக்குக்குத்தான் தெரியும். என் மூக்கை நம்பித்தான் முதலாளி விலை பேசுவார்.

ஒரு ஐப்பசி. நல்ல மழை. கடையில் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் பெண்கள் பதினோரு பேர். அவர்களில் காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ராணி, ஒருநாள் மூக்கு ஒழுக வந்து நின்றாள்.

"அண்ணே, தலையத் தூக்க முடியல. ரெண்டு நாள் வீட்ல இருந்துக்கிறேண்ணே."

"சளிக்கெல்லாம் லீவு போட்டா எப்படிம்மா? இந்த வாரம் லோடு ஏத்தணும். அங்கன ஓரமா உக்காந்து பொறுக்கு."

அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். வராத நாளுக்குக் கூலி கிடையாது.

நாலாம் நாள் ஆறு பெண்கள் வரவில்லை. வந்தவர்களும் இருமிக்கொண்டே பொறுக்கியதில் பாதிக் காயைத் திரும்பப் பொறுக்க வேண்டியதாயிற்று. எனக்கும் காய்ச்சல், மூக்கடைப்பு.

"முடியலன்னா வீட்டுக்குப் போப்பா. போடியில இருந்து ஒரு ஆளை வரச் சொல்றேன்" என்றார் முதலாளி.

"எனக்கு ஒண்ணுமில்ல முதலாளி."

என் இடத்தில் இன்னொருத்தர் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் நிஜம்.

அன்றைக்குப் பன்னிரண்டு மூட்டை வந்தது. உரித்து மூக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பச்சை நன்றாக இருந்தது, காயும் கனம். சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்தே நாளில் மொத்த லோடும் திரும்பி வந்தது. நான் சரி என்ற பன்னிரண்டும் ஈரம் போகாமல் கட்டிய மூட்டைகள். பூஞ்சை வாடை மற்ற மூட்டைகளுக்கும் ஏறிவிட்டது. முதலாளி ஒரு காயை உரித்து என்னிடம் நீட்டினார்.

"லாரிக்காரக மூக்கப் பொத்திக்கிட்டு இறக்குனாக. உனக்குத் தெரியலையா?"

"இப்பவும் தெரியல முதலாளி."

சளி போய் ஒரு வாரமாகியிருந்தது. வாசம் மட்டும் திரும்பவில்லை. தேனியில் டாக்டரைப் பார்த்தேன். சிலருக்கு நாளாகும், சிலருக்கு வராமலும் போகும் என்றார். எனக்கு வரவில்லை. முதலாளி என்னை எடை போடும் இடத்துக்கு மாற்றினார். அந்த லோடை வாங்கியவர் அதற்குப் பிறகு எங்களிடம் சரக்கே எடுக்கவில்லை.

ராணியிடம் போய், "அன்னைக்கே உன்னை அனுப்பியிருக்கணும்மா" என்றேன்.

"நீங்க சொன்னீக, சரி. நானும் கூலிய நெனச்சுத்தானண்ணே உக்காந்தேன்."

அவள் சொன்னதை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சளி, காய்ச்சல் என்றால் ரெண்டு நாள் கூலியோடு லீவு என்று ஆக்கினார். வேலை வாங்குகிற இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இருமிக்கொண்டு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நீங்களும் போய்ப் படுங்கள். அந்த ரெண்டு நாள்தான் மலிவு.

ஆனாலும் ஷட்டரைத் தூக்கியதும், விளக்குப் போடும் முன்னே முகத்தில் வந்து மோதும் அந்த வாசத்துக்கு இன்றும் மனசு ஏங்குகிறது. வேலையிலிருந்து நின்ற அன்று, கால் கிலோ முதல் தரக் காய் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் ஒன்றை உரித்தேன்.

"நல்ல காயா?" என்று கேட்டாள் என் மனைவி.

"நீயே பாத்துச் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.