மேட்டு மரத்து நாடா

இடி என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். முப்பது வருடம் கட்டடம் இடிக்கிற வேலை பார்த்ததால் வந்த பெயர் என்று அவர் சொல்லுவார். அவரிடம் அறை வாங்கியவர்கள் வேறு காரணம் சொல்லுவார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை.

ஆளுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறக்கட்டளை நிலத்தில் அவர் புதர் பிடுங்குவதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பிடுங்குவதா அது? பச்சைக் கொலை! முள்புதரின் கழுத்தைப் பிடிப்பார், மண்வெட்டியால் அடியில் நாலு போடு போடுவார், காலை ஊன்றி இழுப்பார், வேர் பட்பட்டென்று அறுந்து வரும். முள் கிழித்து முழங்கை வரை ரத்தம் வழியும், மனிதர் துடைக்கக்கூட மாட்டார். "வா வெளியே! எத்தனை வருஷமா உறிஞ்சிக்கிட்டு இருக்கே!" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு அவர் செடியைத் திட்டுவதை எழுத முடியாது. மற்ற தன்னார்வலர்கள் பத்தடி தள்ளி நின்றுதான் வேலை செய்வார்கள்.

அது பழைய கல்குவாரி நிலம். அறுபது ஏக்கர், நடுவில் ஒரு குளம், குளத்துக்கு மேலே ஒரு மேடு. யாரும் வாங்கி வீடு கட்டிவிடாமல், யாருக்கும் விற்காமல், நிலத்தை நிலமாகவே வைத்திருப்பதற்கென்று ஓர் அறக்கட்டளை. ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவது டீச்சர். உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இடியின் மார்பு உயரம் இருந்தால் அதிகம்.

இடி அங்கே நல்லெண்ணத்தில் வந்து சேர்ந்தவர் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் மின்கட்டண வரிசையில் ஒருவன் இடையில் புகுந்தான். இடி அவனுடைய பல் இரண்டை உதிர்த்தார். நீதிபதி நூறு மணி நேரம் சமூகப் பணி என்று எழுதி டீச்சரிடம் அனுப்பிவிட்டார். டீச்சர் முதல் நாளே அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இங்க ஒரே சட்டம்தான். செடி மேல எப்படி வேணும்னாலும் கை வைங்க. மனுஷங்க மேல வச்சா அன்னைக்கே வெளியே."

சுண்டைக்காய் அளவு இருந்துகொண்டு என்ன வாய் என்று இடி நினைத்தார். ஆனால் அடங்கிப் போனார். நூறு மணி நேரமும் முடிந்து, அடுத்த ஞாயிறும் வந்து நின்றார்.

"உங்களுக்குத்தான் முடிஞ்சுபோச்சே, ஏன் வந்தீங்க?" என்றார் டீச்சர்.

"இன்னும் பாக்கி இருக்கு டீச்சர்."

"மணி நேரமா?"

"புதரு."

அதோடு ஒட்டிக்கொண்டவர்தான். ஐந்து வருடமாக ஒரு மனிதன் மேலும் அவர் கை விழவில்லை. வாரம் முழுக்கச் சேர்கிற கோபத்தை ஞாயிற்றுக்கிழமை அந்த முள்ளில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். இனிமேல் தான் திருந்தின ஆள் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார், பாவம்.

அந்த நம்பிக்கையில்தான் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

தம்பி மர அறுவை மில்லில் வேலை செய்கிறவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அப்பா அம்மா இருந்த வீட்டுக் கதவின் பூட்டைத் தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டான் என்று இடி அவனை அடித்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்காமல் போயிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு முழங்கால் சில்லு உடைந்தது. இன்றைக்கும் தம்பி நடந்தால் வலது கால் அரை அடி பின்தங்கியே வரும். பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. கூடப் பிறந்தவன் ஒருவன்தான், வேறு நாதி கிடையாது. இடிக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

"நிலத்துல மரம் அறுக்க ஆள் இல்லடா. உனக்கு மெஷின் பழக்கம். வர்றியா?" என்று வாசலுக்கு வெளியிலிருந்தே கேட்டார். தம்பி உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு மெஷின் ரம்பத்தோடு வந்தான். மூன்று வாரமாக வருகிறான். நாலாவது வாரம், கையுறையை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்துடு. அவளே கூப்பிடச் சொன்னா."

இடிக்குக் கை கால் ஓடவில்லை. குளத்தில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று, கோரையை அறுத்துக் கரையில் எறிந்துகொண்டே, அந்த வீட்டுக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது, தம்பி மனைவியிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். சிரிக்காதீர்கள். ஒன்பது வருடம் ஒரு வாசலைத் தாண்ட முடியாதவனுக்கு அது பெரிய காரியம்.

இப்போது அந்த நிலத்தில் புழங்கிய ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். அழிக்க வேண்டிய களைமரத்தில் சிவப்பு நாடா கட்டுவார்கள். அதை அறுத்துத் தள்ளிவிட்டு, அடிக்கட்டையில் மருந்து தடவுவார்கள். ஆனால் மரம் 'வெட்டினோம்' என்று யாரும் சொல்லக் கூடாது. பறவை பார்க்க வந்த ஒரு அம்மாள், மரம் வெட்டுகிற பேச்சு காதில் விழுந்து, ஊரெல்லாம் புகார்க் கடிதம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து டீச்சர் அந்த வார்த்தைக்குத் தடை போட்டுவிட்டார். 'நாடாவை எடுத்தாச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். "இன்னைக்கு எத்தனை நாடா எடுத்தீங்க?" "பதினாலு டீச்சர்." பதினாலு மரம் சாய்ந்தது என்று அர்த்தம். புதிதாக வருகிறவனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான். தம்பிக்கும் இடிதான் கற்றுக்கொடுத்தார்.

அந்த ஞாயிறு மாதக் கடைசி. முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு டீச்சர் நிலத்தைச் சுற்றிக் காட்டுகிற நாள். எல்லாரும் பார்க்க வந்தது மேட்டு மரத்தைத்தான். அது களைமரம் இல்லை, அந்த மண்ணிலேயே முளைத்து நூறு வருடம் நின்ற மரம். அதன் பொந்தில் ஒரு ஆந்தை ஜோடி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. இடி தினமும் சாயங்காலம் போய், அந்த வட்டக் கண்களை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

குளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், அந்த மரத்தின் இடுப்பில் சிவப்பு நாடா!

முந்தின நாள் நாடா கட்டியது ஓய்வு பெற்ற தபால்காரர். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். 'இந்த லட்சணத்தில் எத்தனை கடிதத்தை எந்த வீட்டில் போட்டாரோ மனிதர்' என்று இடி தனக்குள் சிரித்தார். அந்த நேரம் தம்பி ரம்பத்தைத் தோளில் வைத்து மேட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"டேய்! மேட்டு மரத்து நாடாவை எடுத்துடுடா!" என்று கத்தினார்.

தம்பி நின்றான். "அந்தப் பெருசா அண்ணே?"

"அதேதான்! டீச்சர் கூட்டத்தோட வர்றதுக்குள்ள முடிச்சிடு!"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு மேடேறினான். இடி திரும்பவும் கோரைக்குள் குனிந்தார். மேலே மெஷின் உறுமியது. ஞாயிற்றுக்கிழமை அது உறுமாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர் கண்டுகொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தரை அதிர்ந்தது. கட்டடம் விழுகிற அதிர்வை முப்பது வருடம் உள்ளங்காலில் வாங்கியவர் அவர். எது விழுந்தது என்று அவருக்கு நிமிராமலே தெரிந்துவிட்டது.

சேறு சொட்டச் சொட்ட மேடேறினார். கையில் மண்வெட்டி இருந்தது. மரம் குறுக்கே கிடந்தது. பொந்து இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு குஞ்சுகள் கிளைக்கு அடியில் கூழாகிக் கிடந்தன. மூன்றாவது மண்ணில் மல்லாந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, பிறகு திறந்தபடியே நின்றுவிட்டது. தாய் ஆந்தை பட்டப்பகலில் கண் கூசித் தலைக்கு மேலே தாறுமாறாகப் பறந்துகொண்டிருந்தது.

தம்பி அண்ணன் வருகிற வேகத்தைப் பார்த்தான். முதல் காரியமாக ரம்பத்தை அணைத்து, பின்னால் தள்ளி வைத்தான். யார் மேலும் பட்டுவிடக் கூடாதாம். அப்படிப்பட்டவன் அவன்.

முதல் அடி தோளில் விழுந்தது. மண்வெட்டிக் காம்பு. இரண்டாவது விலாவில். "அண்ணே, அண்ணே" என்று கையைக் குறுக்கே நீட்டினான். மூன்றாவது அந்த முன்கையில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. இடிக்குக் கண்மண் தெரியவில்லை. விழுந்தவனைக் காலால் எத்தினார். காம்பை ஓங்கி ஓங்கிப் போட்டார். "கொலைகாரா! கொலைகாரப் பாவி!" என்று கத்தியது யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் அவருடையதாக இருந்தது. ஐந்து வருடம் முள்ளில் கொட்டியதெல்லாம் எங்கேயும் போயிருக்கவில்லை. அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. காம்பு முறிந்த பிறகுதான் நிறுத்தினார்.

தம்பி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"நீதானேண்ணே நாடாவை எடுக்கச் சொன்னே."

"நாடாவைடா! நாடாவை அவுக்கச் சொன்னேன்! மரத்தை யாருடா..." இடி அப்படியே நின்றுவிட்டார்.

"எடுக்கறதுன்னா வெட்டறதுன்னு நீதானே சொல்லிக்குடுத்தே."

"இவ்ளோ பெரிய மரம்! இன்னொரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

"ஒரு தடவை கேட்டேன். ரெண்டாவது தடவை கேட்டா உனக்குக் கோபம் வரும்." தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "பயமா இருந்துச்சு."

இடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, நான்தானா, என் வாய்தானா என்று தலையில் அடித்துக்கொண்டார். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. டீச்சர் கூட்டத்தோடு ஏறி வந்தார். முன்னால் வந்த ஒருத்தி குஞ்சுகளைப் பார்த்து அலறினாள். டீச்சர் மரத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், இடியைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"நான்தான் தப்பான மரத்தைச் சாச்சிட்டேன் டீச்சர்," என்றான் தம்பி. "கிளை திரும்பி என்னை அடிச்சிடுச்சு."

முறிந்த காம்பு இடியின் காலடியில்தான் கிடந்தது. அதைப் புல்லுக்குள் தள்ளிவிட்டது அவருடைய கால்தான்.

மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தம்பிக்கு முன்கையில் இரண்டு எலும்பு, விலாவில் மூன்று. கட்டுப் போட்டு அறைக்குக் கொண்டுவந்தார்கள். டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அறக்கட்டளையின் விபத்துப் படிவத்தை நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் 'கிளை விழுந்தது' என்று எழுதினார். இடி சுவரோரம் நின்றார். தப்பித்தோம் என்று அவருக்குள் ஏதோ ஒன்று மூச்சுவிட்டது. அந்த மூச்சுக்கு அவரே வெட்கப்பட்டார்.

தம்பி மனைவி வந்தாள். சமைத்துக்கொண்டிருந்த கை, ஈரம்கூடக் காயவில்லை. புருஷனின் தோளில் கன்னிப்போயிருந்த தடத்தைப் பார்த்தாள். இரண்டு விரல் கனத்தில், நேர்கோடாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நாலு தடம். கிளை அப்படி வரிசையாக அடிக்காது. அவள் அழவில்லை, திரும்பி இடியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு முழங்கால் உடைஞ்சு வந்தப்ப மாடிப்படியில விழுந்தேன்னு சொன்னாரு. இன்னைக்குக் கிளைங்கறாரு. நீங்க பக்கத்துல இருக்கறப்ப மட்டும் இவருக்கு எப்படி மாமா எல்லாம் நடக்குது?"

மாடிப்படி என்று தம்பி சொன்ன விஷயமே இடிக்கு அப்போதுதான் தெரியும். ஒன்பது வருடம்! போலீஸ் ஏன் வரவில்லை என்று ஒருநாள்கூட அவர் யோசித்ததில்லை.

"சும்மா இரு," என்றான் தம்பி அவளிடம். "கிளைதான்."

"கிளை இல்ல டீச்சர்," என்றார் இடி. "அதை அடிச்சிடுங்க. நான்தான். மண்வெட்டிக் காம்பால அடிச்சேன். மரத்தை எடுக்கச் சொன்னதும் என் வாய்தான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். "இதை எழுதினா போலீஸ் வரும்."

"வரட்டும்."

"நிலத்துக்கு இனிமே நீங்க வரக் கூடாது."

"தெரியும் டீச்சர்."

டீச்சர் 'கிளை விழுந்தது' என்பதை அடித்துவிட்டு இடியின் பெயரை எழுதினார். இடிக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். கட்டில் பக்கம் போய், கட்டுப்போடாத கையைத் தொட்டார். தம்பி இனிமேல் தன்னை மன்னித்துவிடுவான் என்றுதான் நினைத்தார். வேறு என்ன நினைப்பார்?

தம்பி கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

"அண்ணே, இனிமே வீட்டுக்கு வராதே. வாசலுக்கும் வராதே. உன்னைப் பாத்தாலே எனக்கு உடம்பு நடுங்குது. ஒம்பது வருஷமா நடுங்குது."

"டேய்... நான் உண்மையைச் சொல்லிட்டேனேடா!"

"சொல்லிட்டே," என்றான் தம்பி. "அதனாலதான் நானும் சொல்றேன்."