இராஜாங்கத்துக்கு மரை கழண்டுருச்சு

கீழ்வேளூர்ப் பக்கம் ஒன்பது மா நிலம் வைத்திருக்கும் இராஜாங்கம் எதையும் லேசில் நம்பமாட்டார். யூரியா வாங்கினால் மூட்டையைத் திருப்பிப் போட்டுத் தையல் பிரித்துத் தைத்ததா என்று பார்ப்பார். கல்யாணப் பந்தியில் ரசம் நன்றாக இருந்தால், "சாம்பார்ல என்னமோ கோளாறு, அதான் இத முன்னாடி வுடுறானுவோ" என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஒரே மகள் கயல்விழிக்குத் திருவாரூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிளிலேயே போய்வர ஆரம்பித்தாள். அன்றிலிருந்து மனிதருடைய சந்தேகம் மொத்தமும் வண்டியின் மேல் இறங்கியது. பெண் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு மெக்கானிக் சேக் தாவூதின் மேல் பழியைப் போட்டார்.

"வேணும்னே லூசா வுடுறான் பாயி. அப்பத்தான திரும்பத் திரும்ப அவன்கிட்டயே போவோம்?"

ஞாயிறு ஆனால் ஸ்பேனரோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். சக்கரத்து நட்டிலிருந்து கைப்பிடி வரை ஒன்றையும் விடமாட்டார். இஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்க ஒரு போல்ட்டு இருக்கிறதே, அதற்குத் தனிக் கவனிப்பு. பம்புசெட்டுக்குச் செய்கிற மாதிரி ஸ்பேனர் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி ஒரு இழு இழுப்பார். போல்ட்டு இன்னும் கொஞ்சம் திரும்பும். "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று மனைவி மங்களாம்பிகையைப் பார்த்து ஜெயித்தவர் போலச் சிரிப்பார்.

ஐப்பசியில் அந்தப் போல்ட்டோரம் ஆயில் கசிந்தது. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலையில் வண்டியைத் தாவூது கடையில் விட்டார். மதியம் போய் நின்றபோது, தாவூது முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வைரக்கண்ணு ஒரே புகையா வுடுறாரு. அவர அப்பறம் பாத்துக்கலாம். இராஜாங்கத்துக்குத்தான் மரை கழண்டுருச்சு..."

அந்தக் கடையில் வண்டிகளுக்குத் தனிப் பெயர் கிடையாது. சொந்தக்காரர் பெயர்தான் வண்டிக்கும். இது இராஜாங்கத்துக்குத் தெரியாததல்ல. வைரக்கண்ணு புகை விட்டதைக் கேட்டு அவரே வாய்க்குள் சிரித்தார். தன் பெயர் வந்ததும்தான் அறிவு வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

"யாருக்குடா மரை கழண்டுச்சு? எனக்கா?"

"அண்ணே, வண்டியச் சொன்னேண்ணே. போல்ட்டு உக்கார்ற மரை தேஞ்சு போச்சு. புதுசா மரை போட ஆளக் கூப்புடுறேன். அதுவரைக்கும் எடுக்காதீங்க."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. உன் சங்காத்தமே வேணாம்!"

வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மறுநாள் குழாயைச் செருகி இழுத்தார். போல்ட்டு வழக்கத்தைவிடச் சுலபமாகத் திரும்பியது. அவருக்குத் திருப்தி.

திங்கட்கிழமை மழைத் தூறலில் கயல்விழி புறப்பட்டாள். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, போல்ட்டு கழன்று விழுந்தது. ஆயில் கொட்டிப் பின்சக்கரம் வழுக்கி, வாய்க்காலைத் தாண்டி நடவு வயலில் போய் விழுந்தாள். சேறு தாங்கியது. முழங்கை மட்டும் தோல் உரிந்தது. அந்தப் பக்கமாக வந்த தாவூதுதான் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

மகளைச் சேறும் ரத்தமுமாகப் பார்த்ததும் இராஜாங்கம் பதறி ஓடிவந்தார். அந்தப் பதற்றத்திலும், "நீதான்டா என்னமோ பண்ணியிருக்க!" என்று தாவூதின் மேல் பாய்ந்தார்.

கயல்விழி கையை விரித்தாள். சாலையிலிருந்து பொறுக்கிய போல்ட்டு. அதன் மேல் வெள்ளை வெள்ளையாக அலுமினியச் சுருள் சுற்றியிருந்தது.

"இஞ்சினுக்குள்ள இருந்த மரைண்ணே. முறுக்கி முறுக்கி நீங்களே வழிச்செடுத்துட்டீங்க" என்றார் தாவூது. "எவ்வளவுண்ணே முறுக்குவீங்க?"

"நம்பிக்கை வர்ற வரைக்கும்" என்றார் இராஜாங்கம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

புது மரை போட்டு வியாழக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை கயல்விழி சாவியைப் போடுவதற்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தாள்.

"பாயி நல்லாத்தான் செஞ்சிருக்காரும்மா" என்றார் இராஜாங்கம்.

"அவர யாருப்பா சந்தேகப்பட்டா?" என்றாள் அவள், நிமிராமலே. "நேத்து ஞாயித்துக்கெழம. நீங்க வீட்லதான இருந்தீங்க?"