முழுமனதுடன் சம்மதிக்கிறேன்

எங்கள் லயத்தில் அந்தக் காரியத்துக்குப் பெயர் கிடையாது; ஏச்சுத்தான் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். தெரியாதவர்கள் அதிலிருந்த பெண்ணின் சிவப்புச் சேலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வாயால் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'நிப்பாட்டிக்கிட்டவ' என்பார்கள். அது மரியாதைப்பட்ட சொல். கோபம் வந்தால் 'அடைச்சுக்கிட்டவ'. இன்னும் கோபம் வந்தால் 'வயித்த அறுத்துக்கிட்டவ'. ஆண்களுக்கென்று இதில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களுக்கு எதற்கு?

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களுக்கான ஒற்றையறை வீட்டு வரிசைதான் லயம்; அதில் எங்கள் காம்பராவுக்கு அடுத்தது அத்தையின் காம்பரா, அப்பாவின் தங்கை. இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. அங்கே தாளிக்கிற மிளகாய்க்கு இங்கே நாங்கள் தும்முவோம். அங்கே அத்தையின் மாமியார் பேசுகிற பேச்சுக்கு இங்கே அம்மா முகத்தைச் சுளிப்பாள். கல்யாணமாகி எட்டு வருசமாக அத்தைக்குப் பிள்ளையில்லை. அந்த எட்டு வருசத்துப் பேச்சையும் நாங்கள் சுவருக்கு மேலால் கேட்டிருக்கிறோம்.

அம்மா கதை வேறு. முப்பது வயதுக்குள் ஏழு பெற்றாள். இரண்டு மண்ணுக்குப் போக ஐந்து தங்கியது. நான் மூத்தவள், பதினொரு வயது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஐந்து தங்கியதென்றால் எங்கள் லயத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் அம்மாவுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

எங்கள் பக்கம் பிள்ளையை முப்பதாம் நாள் தொட்டிலில் போடுவார்கள். தொட்டில் என்றால் கூரை வளை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சேலைதான். அந்தச் சேலை பெற்றவளுடையதாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் தங்கிய வீட்டிலிருந்து வர வேண்டும். சேலைக்காரியே வந்து பிள்ளையை வாங்கி அதில் கிடத்தவும் வேண்டும். அம்மாவிடம் இருந்ததே நாலு சேலை. அதில் ஒன்று எப்போதும் யார் வீட்டுக் கூரையிலாவது தொங்கிக்கொண்டிருக்கும். மழை நாளில் மாற்றிக் கட்டத் துணியில்லாமல் அம்மா ஈரச் சேலையோடு அடுப்படியில் குந்தியிருப்பாள். ஆனாலும் யாராவது வந்து கேட்டால் இல்லையென்று சொன்னதில்லை.

ஏழாவதாகத் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் தோட்டத்து மருத்துவச்சியான மிட்வைப் அம்மா அப்பாவை டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சிங்களப் பெண்மணி. தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்கு எதுவுமே வாசிக்கத் தெரியாது. ஆக, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தமிழ்த் தாளை வாசிக்க நான் போனேன்.

"எனது மனைவிக்கு இனிமேல் பிள்ளைப்பேறு உண்டாகாதிருக்கும்படி செய்யப்படும் சத்திர சிகிச்சைக்கு நான் முழுமனதுடன் சம்மதிக்கிறேன்."

ஒரு எழுத்துத் தட்டாமல் வாசித்தேன். பரிசளிப்பு விழா மேடையில் நிற்பது போலத்தான் நின்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன்.

"இன்னொரு பிள்ளை வந்தா உங்க பொஞ்சாதி செத்துப் போகும்" என்றார் மிட்வைப் அம்மா. "நான் பயங்காட்டல்ல. பெரிய டொக்டர் சொன்னது."

அப்பா பெருவிரலை நீட்டினார். மையைத் தடவி வைத்துவிட்டு, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "ஊருக்கு என்னான்னு சொல்றது?" என்று கேட்டார்.

"கட்டி எடுத்ததுன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுது."

எல்லாரும் என்றால் யார் யாரோ, தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி யாரும் இருந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எல்லாருக்கும் கட்டிதான் போலிருக்கிறது.

அம்மா வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னோம். ஐயோ பாவம் என்று முட்டையும் பாலும் கொண்டுவந்து தந்தார்கள். என்னிடமும் அப்படியே சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அந்தத் தாளில் வாசித்ததும் இந்தக் கட்டியும் ஒன்றுதான் என்று நினைத்தேன். கட்டியை எடுத்ததால் இனிப் பிள்ளை வராது, அவ்வளவுதானே! இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஓடவில்லை. பெரியவர்கள் எதை மறைத்தாலும் அதில் ஏதோ தின்பண்டம் இருக்கும் என்று நம்புகிற வயது.

நாலு மாதம் கழித்து அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. எட்டு வருசத்துக்குப் பிறகு என்பதால் பெண்ணென்று யாரும் முகம் கோணவில்லை. முப்பதாம் நாள் காலையில் அத்தையின் மாமியார் தானே வந்து அம்மாவின் நீலச் சேலையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு போனார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தடுக்கவுமில்லை, சரியென்று சொல்லவுமில்லை. அவர் போன பிறகு ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டாள்; அடுப்பு அணைந்தே போனது.

பத்து மணிக்கெல்லாம் அத்தையின் காம்பராவில் லயத்துப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நீலச் சேலை வளையில் தொங்கியது. அத்தை மஞ்சள் பூசிக் குளித்துப் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள்.

"வா புள்ள, பிள்ளைய வாங்கு" என்றார் மாமியார்.

அம்மா வாசற்படியிலேயே நின்றாள். "எனக்கு மேலுக்கு முடியல பெரியம்மா. வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்களேன்."

"இந்தா இருக்கிற வளைக்கும் மடிக்கும் ரெண்டு அடி தூரம். அதுக்கா முடியல?"

"தல சுத்துது. கீழ போட்டுட்டேன்னா?"

மாமியார் விடுகிற ஆளா? "எனக்குத் தெரியும்டியம்மா. நாத்தனாருக்கும் ஒண்ணு பொறந்துருச்சேன்னு வயித்தெரிச்சல். அஞ்ச வச்சிருக்கிறவளுக்கு இந்த ஒண்ணு கண்ண உறுத்துது."

அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். "மதினி, ஊர்ப் பிள்ளையெல்லாம் தொட்டீங்களே. எம் பிள்ளைய மட்டும் தொட மாட்டீங்களா?"

அம்மா என்ன நினைத்தாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அவளும் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். நிறுத்திக்கொண்டவள் கை, தொட்டில் பிள்ளைக்கு ஆகாது என்று அவளே நம்பினாள். எட்டு வருசம் காத்திருந்து பெற்ற பிள்ளை. நாளைக்கு ஒரு காய்ச்சல் கண்டாலும் தன் கைதான் காரணம் என்று சாகும் வரை நினைத்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பொறாமைக்காரி.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் அம்மாவையா பொறாமைக்காரி என்பது? பெண்களை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"எங்கம்மாவுக்குப் பொறாமையெல்லாம் கெடையாது! இனிமேல் பிள்ளைப்பேறு உண்டாகாதிருக்கும்படி சத்திர சிகிச்சை செஞ்சிருக்கு. அப்பா முழுமனதுடன் சம்மதிச்சு ரேகை வச்சிருக்காரு. நாந்தான் வாசிச்சேன்!"

கடைசி வாக்கியத்தை எதற்குச் சொன்னேனோ. கெட்டிக்காரி என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் போலும்.

மாமியார் மணைப்பலகையில் ஏறி, முடிச்சை அவிழ்த்து, நீலச் சேலையை நாலாக மடித்து அம்மாவின் கையில் வைத்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அத்தை பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அம்மா படியிறங்கி எங்கள் காம்பராவுக்குள் போனாள். அதற்குப் பிறகுதான் அந்தக் காம்பராவில் பேச்சுக் கிளம்பியது. 'அடைச்சுக்கிட்டவ' என்பதையும் மற்றதையும் முதன்முதலாக என் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கடைசியில் ஒன்பது பெற்று இரண்டு மட்டும் தங்கிய ஒருத்தியின் சேலையைக் கட்டினார்கள். அவள் இன்னும் நிறுத்தவில்லையே, அது போதும்.

அம்மா அடிப்பாள் என்று சாயந்தரம் வரை காத்திருந்தேன். அடிக்கவில்லை. "அரிசியக் களைஞ்சு வை" என்றாள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் ஆண்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம சனத்துக்கிட்ட ஓட்டுரிமையப் பறிச்சாச்சு, இப்ப வயித்தையும் பறிக்கிறானுக. இவரு அதுக்கு ரேகை வச்சுக் குடுத்துட்டு வந்திருக்காரு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. ரேகை வைத்தது யார் என்று அம்மா கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மலையில் கொழுந்து பறிக்கையில் அம்மாவின் தேயிலைச் செடி நிரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரையை விட்டுத்தான் மற்றவர்கள் நின்றார்கள். கங்காணி ஏசினால் நகர்ந்து வருவார்கள். அவர் தலை மறைந்ததும் பழையபடி விலகிப் போவார்கள்.

அத்தை வாசலில் எதிர்ப்பட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அம்மாவும் கூப்பிடவில்லை.

இப்படி மூன்று வாரம் போனது. பிறகு அத்தைக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் கத்தத் தொடங்கியது. சீனித் தண்ணீர் கொடுத்தார்கள், துப்பியது. டின் பால் கரைத்துக் கொடுத்தார்கள், கக்கியது. இரண்டு நாள் ஓயாத அழுகை. மூன்றாம் நாள் சத்தம் குறைந்து முனகலாகிவிட்டது. அம்மா சோற்றில் கையை வைத்துக்கொண்டு சுவருக்கு மேலே தெரிகிற கூரையைப் பார்ப்பாள். நம் தம்பி கொழுகொழுவென்று இருக்கிறானே, இங்கே என்ன குறை என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா, மாமா, அத்தையின் மாமியார் எல்லாரும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் எங்கள் பின்கதவு மெல்லத் திறந்தது. அத்தை நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது, தலைமுடி கலைந்து கிடந்தது. துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டினாள்.

அம்மா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"கதவச் சாத்து" என்றாள்.

என்னை முன்வாசலில் போய் நிற்கச் சொன்னாள். யாராவது படியேறி வந்தால் இரும வேண்டும். அப்போது என் தம்பி விழித்துக்கொண்டு பசியில் வீறிட்டான். திரும்பிப் பார்த்தேன். அம்மா அவனைத் தூக்கவில்லை. சுவரில் சாய்ந்து, அத்தையின் பிள்ளையை மார்பில் வைத்திருந்தாள். அது குடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. அத்தை அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சேலையை மடித்துக் கொடுத்தவர்களுக்குப் பாலா?

"தம்பி அழுவுறானே! அவனுக்கு மொதல்ல குடுக்கலாந்தானே?"

"அவன் கொஞ்சம் அழுதாத் தாங்குவான், நம்ம பிள்ள அழுவுதுன்னு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள் அம்மா. குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "இது அழுவக்கூட முடியாம கெடக்கு. நீ வெளிய பாரு."

எனக்கு அது நியாயமாகவே படவில்லை. வெளியே திரும்பி நின்று, யாராவது வரட்டும், நான் இருமவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.