காக்காப்பொன் டப்பா

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தப்பா மகளைப் பார்த்தாலே வயிறு எரியும். அவள் புதுப் பாவாடை கட்டினால் எனக்கு அன்று சோறு இறங்காது. எனக்கு ஜிமிக்கி வந்தால் அவளுக்குக் காய்ச்சல் வரும். இது நாங்களாகக் கற்றுக்கொண்டதல்ல, தகப்பன் வழிச் சொத்து. அப்பா தீபாவளிக்குக் கிராமபோன் பெட்டி வாங்கினார். பொங்கலுக்குள் பக்கத்து வீட்டில் சித்தப்பாவும் ஒன்று வாங்கிவிட்டார். சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற எங்கள் ஊரில், தெருவுக்கே அப்போது அந்த இரண்டு பெட்டிகள்தான். அதில் ஒன்று போதாதா என்று கேட்க ஆளில்லை.

எங்கள் வீட்டில் நான்கு தறிகள் ஓடின. சித்தப்பா நூல் வியாபாரி, அவர் வீட்டில் தறி கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பெட்டி வந்த சில மாதத்தில் எங்கள் சவுண்டு பாக்ஸ் உடைந்துபோனது. பிளேட்டின் மேல் ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த வட்ட டப்பா. ஊசியின் நடுக்கத்தைக் குரலாக மாற்றுவது அதற்குள் இருக்கும் மெல்லிய தகடுதான். அப்பா எண்ணெய் போடுகிறேன் என்று கழற்றிக் கீழே போட்டுவிட்டார். பூனை தள்ளிவிட்டதாகச் சித்தப்பாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் பூனையே இல்லை.

சேலத்துக் கடைக்காரர் இரண்டு டப்பாக்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்றில் காக்காப்பொன் தகடு, அதாவது கண்ணாடிபோல மின்னும் மைக்கா, பழைய மாதிரி. மற்றதில் அலுமினியத் தகடு, புதிதாக வந்தது. போட்டுக் கேட்டுவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பிவிட வேண்டும்.

அன்று அமாவாசை. நெசவாளி வீடுகளில் அமாவாசையன்று தறியில் இறங்க மாட்டார்கள். தெருவே ஓய்ந்து கிடந்தது. சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள், எங்கள் தறிக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குப் பிடித்த பிளேட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு பெண் பாடுவாள். ஒரே பிளேட்டு, புது ஊசி, டப்பாவை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டார்.

அலுமினிய டப்பா தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆனால் குரல் மேலே ஏறும்போதெல்லாம் தாம்பாளத்தை ஆணியால் கீறினதுபோலப் பல் கூசியது. காக்காப்பொன் டப்பாவில் சத்தம் குறைவு. ஆனால் அவள் எங்களோடு பாயில் உட்கார்ந்து பாடினாள். ஓர் அடி முடிந்து அடுத்த அடி எடுப்பதற்குள் அவள் மூச்சிழுப்பது கூடக் கேட்டது. அந்த இடத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா தலையாட்டினார். எல்லோரும் காக்காப்பொன் என்றே சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பா மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

அம்மா மட்டும் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

“ஏனுங்க, இன்னைக்குத் தறி நிக்குது. இப்பக் கேட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும். நாளைக்குத் தறிய ஓட்டிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க. அமாவாசைக்கு அமாவாசை கேக்கறதுக்கா ஊட்டுல பெட்டி வெச்சிருக்கீங்க?”

நியாயமான பேச்சு. அப்பா பிளேட்டை எடுத்து உறையில் போட்டார்.

மறுநாள் காலையில் நான்கு தறியும் சடக் சடக்கென்று கிளம்பின. அதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டே அறியாத அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே சாவி கொடுத்தாள். காக்காப்பொன் டப்பாவுக்கு அடியில் பிளேட்டு அது பாட்டுக்குச் சுற்றியது, குரல் வரவே இல்லை. அலுமினியத்தை மாட்டினாள். நான்கு தறியையும் கிழித்துக்கொண்டு அந்தப் பெண் அலறினாள்.

“இதுதானுங்க நல்லாக் கேக்குது” என்றார் கடைசித் தறிக்காரர்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தறியில் உட்கார்ந்து கால்மிதியை மிதித்துக்கொண்டே, “செரி, ஆவட்டும்” என்றார். அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். சேலம் கோர்ட்டுக்கே வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள்.

காக்காப்பொன் டப்பா கடைக்குத் திரும்பிப் போயிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். சித்தப்பா விடுவாரா? “அதெ எதுக்குங்கண்ணா திருப்பிக் குடுக்கறீங்க, நானே வெச்சுக்கறனுங்க” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதே பிளேட்டையும் சேலத்திலிருந்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தறிச் சத்தமில்லாத அந்த வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி அதே பாட்டு இழைந்து இழைந்து வரும். எங்கள் பெட்டி வாயைத் திறந்தால் தெரு நாய் எழுந்து ஓடும். “உங்க ஊட்டுல பாடறவளுக்குத் தொண்ட கட்டிருச்சா? மெளகு கஷாயம் வெச்சுக் குடுங்க” என்று சித்தப்பா மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அதற்கு அடி வாங்கினேன். அம்மாவின் மேல் எனக்கு இருந்த கோபம் சொல்லி மாளாது. நல்லதைத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே!

அப்பா எங்கள் பெட்டிக்குச் சாவி கொடுப்பதையே விட்டுவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் தறி நின்றதும் கைகால் கழுவி, வெளுத்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “தம்பி ஊட்டு வரைக்கும் போயிட்டு வாரேன்” என்பார். சித்தப்பாவோடு முன்பெல்லாம் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. இப்போது ஒரு நாள் தவறுவதில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பாட்டு ஆரம்பித்தது. அம்மாவின் கை நின்றது.

“அவ எப்பிடி இருப்பா சாமி?”

“யாரும்மா?”

“அதான்… பாடறவ.”

பிளேட்டு உறையில் படம் ஏதும் கிடையாது. நான் கொஞ்சம் யோசித்து, “நல்லாச் செவப்பா, அழகா இருப்பாளாட்ட இருக்குது. கொரலே அத்தன நல்லாருக்குதே” என்றேன்.

அம்மா பின்னலை இறுக்கி இழுத்தாள். வலித்தது. கத்தலாம் என்று திரும்பினால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அடடா, இவளுக்கும் அந்த டப்பாவை விட்டுவிட்டோமே என்று இப்போதுதான் உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை நாள் கோபமும் போய்விட்டது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“அழுவாதம்மா. சித்தப்பாகிட்டக் கேட்டு அந்த டப்பாவத் திருப்பி வாங்கிக்கலாம். அப்பறம் அவ நம்ம ஊட்டுலயே பாடுவா.”

அம்மா என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாடுகிறவள் மூச்சிழுத்து அடுத்த அடியை எடுத்தாள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே பொறாமை என்று நினைத்து, அன்றைக்கு நான் சந்தோஷமாகவே இருந்தேன்.