நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கம்

ஓமானில் காலையில் வேலைக்குப் போனால் முதல் ஐந்து நிமிடம் விசாரிப்பிலேயே போய்விடும். எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர் சலீம் கை கொடுப்பார், நலமா என்பார், வீட்டில் நலமா என்பார், பிள்ளைகளையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ‘உலூம்?’ என்பார். என்ன சேதி என்று அர்த்தம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அரபி ஓதத் தெரியும், பேசத்தான் தெரியாது. வந்த புதிதில் அவர் கேட்டாரே என்று இந்தியும் கைச்சாடையும் கலந்து உண்மையான சேதியைச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, திருச்சுழியில் இந்த வருஷமும் கண்மாய் நிறையவில்லை, தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளை தட்டிப்போய்விட்டது. சலீம் பாவம், திகைத்துப்போய் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கூட வேலை பார்க்கும் மலையாளி ஒருவர்தான் பிறகு விளக்கினார். ‘சேதி ஒன்றுமில்லை’ என்பதுதான் பதிலாம். வீட்டில் தீப்பிடித்திருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டுமாம்.

இதே போன்ற விசாரிப்பு ஒன்று ஊரிலும் எனக்கு உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் புத்தகம் படிக்கிற நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். எல்லோரும் மாதம் ஒரு புத்தகத்தைச் சேர்ந்து வாங்கிச் சேர்ந்து படிப்போம். தினமும் காலையில் ‘இன்னைக்கு எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி வந்து விழும். அவரவர் பக்க எண்ணைப் போட்டு, மனதில் பட்டதை இரண்டு வரி எழுத வேண்டும். மாதக் கடைசியில் அருப்புக்கோட்டையில் கூட்டம். இங்கே இரும்புத் தகரக் கொட்டகைக்குள் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, வெளிநாட்டில் கிடக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் உண்டு. எந்தப் பக்கம் என்று கேட்க அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவனாக என்னை மதிக்க வேண்டும் என்பதைத் தவிர ஊரிடம் நான் வேறொன்றும் எதிர்பார்த்ததில்லை.

அதைத்தான் கதிரேசன் சார் கெடுத்தார். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர், குழுவை ஆரம்பித்தவர். போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது கூட்டத்துக்கு வரச்சொன்னார். அந்த மாத நாவலை நான் இரண்டு முறை படித்து, நோட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொன்னதும் எழுந்துபோய் நோட்டை விரித்தால், கையில் ஒரு சால்வையைத் திணித்தார்கள். கதிரேசன் சாருக்குப் போர்த்தி விட வேண்டுமாம். போர்த்தினேன். பிறகு மைக்கைப் பிடித்து முதல் வரியை வாசிப்பதற்குள் அது அணைந்துவிட்டது. “நேரமாச்சு பாய், பாலவனத்தம் ஆளுகளுக்குப் பஸ்ஸு போயிரும்,” என்றார் கதிரேசன் சார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் அடுத்துச் சொன்னதும் என் காதில் விழுந்தது. “பொட்டி எண்ணுற மனுசன். அவருக்கு நாவல்ல என்ன எழவு தெரியப்போகுது?”

அந்த நான்கு பக்கங்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பெரிய மனது பண்ணி மறந்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் மறக்கவில்லை. விமானத்தில் வந்த நான்கு மணி நேரமும் அந்த ஆளை எப்படி அடிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. ஆறு மாதம் கழித்து, எங்கள் பக்கத்துக் கரிசல்காட்டைப் பற்றிய தடித்த நாவல் ஒன்றைக் குழு எடுத்தது. நாற்பது பிரதிகளும் ஒரே கட்டாக அச்சகத்திலிருந்து வந்தன. என் பிரதியை இங்கே வேலை பார்க்கும் பரளச்சிக்காரர் ஒருவர், ஊறுகாய் பாட்டிலுக்கும் சேவுப் பொட்டலத்துக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். நாவலில் பேச்சி என்று ஒரு மருமகள். கிணறு வெட்டிக் கிணறு வெட்டிச் சொத்தைக் கரைக்கிற குடும்பத்தில் பதினைந்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள். அது 192ஆம் பக்கம். பஸ் வருகிறது. ஏறினாளா இல்லையா என்று பக்கத்தைப் புரட்டினால், பேச்சி மறுபடியும் அடுப்படியில் சோளக்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். பக்க எண்ணைப் பார்த்தேன், 177. அதே பதினாறு பக்கங்கள் இன்னொரு தடவை வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. அது முடிந்ததும் நேராக 209. நடுவில் 193 முதல் 208 வரை புத்தகத்திலேயே இல்லை.

நான் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்ததைச் சலீம் பார்த்துவிட்டார். அதே பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்று நினைத்து, “ஹாஃபிழ்?” என்று மரியாதையோடு கேட்டார். வேதத்தை மனப்பாடம் செய்கிறவர் என்று பொருள். இல்லை, சரக்கு குறைகிறது என்று என் அரபியில் சொன்னேன். எங்கள் கிடங்கில் லாரி வந்து இறங்கி ஒரு பெட்டி குறைந்தால், ஒரு மணி நேரத்துக்குள் சரக்கை அனுப்பியவருக்குத் தகவல் எழுத வேண்டும். அதுதான் என் வேலை. சலீமும் அதையே கேட்டார், அனுப்பியவரிடம் சொல்லியாயிற்றா என்று. என் பிரதி மட்டும்தான் பழுது என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் குழுவைத் திறந்தால் கதிரேசன் சார் எழுதியிருந்தார்: ‘இன்று 200ஆம் பக்கம். இங்கே மொழி ஓர் உச்சத்தைத் தொடுகிறது.’ அதற்குக் கீழே வரிசையாக ‘198, அருமை’, ‘205, பேச்சியை மறக்க முடியவில்லை’. அவர்கள் பிரதியில் எல்லாம் சரியாக இருக்கிறது போல என்று நினைத்தபோது தங்கமாரியின் குரல் வந்தது. எம்.ரெட்டியபட்டியில் இருந்து மில் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வேலைக்குப் போகிற பெண். பஸ்ஸிலேயே படிப்பாள். எழுதுவதற்கு நேரமாகும் என்று பேசித்தான் அனுப்புவாள்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம். பேச்சி பஸ்ஸுக்கு நிக்கா. அடுத்தாப்ல பாத்தா திரும்பக் கஞ்சி காச்சுறா. படிச்சதே திரும்ப வருது சார். எனக்கு மட்டுந்தான் இப்பிடியா?”

ஒரே கட்டு, ஒரே பழுது. நாற்பது பேர் கையிலும் 193 இல்லை. இல்லாத பக்கத்தில்தான் மொழி உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதில் போட விரலைக் கொண்டுபோனேன். அதற்குள் கதிரேசன் சார் முந்திக்கொண்டார். “அது ஒரு உத்திம்மா. காலம் வட்டமாச் சுத்துது. அவ வாழ்க்கை மாறலைங்கிறத ஆசிரியர் அப்பிடிக் காட்டுறாரு. ஒனக்குப் புரியலைங்கிறதுக்காக நாவலைக் கொறை சொல்லக் கூடாது.” அடடா என்ன உத்தி என்று ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். ஒருவர், தங்கமாரி இனிமேல் படக்கதை படிக்கட்டும் என்று எழுதினார்.

நான் விரலை எடுத்துக்கொண்டேன். இப்போது சொன்னால், அச்சுப்பிழை என்று சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஊரே உட்கார்ந்திருக்கும்போது, மேடையில் வைத்துச் சொன்னால்தான் அடி விழும். பெட்டி குறைந்தால் ஒரு மணி நேரத்தில் சொல்கிறவன், பதினாறு பக்கத்தைப் பதினோரு நாள் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டேன். தினமும் ‘192’ என்று மட்டும் போட்டேன். “என்ன பாய், பொட்டி ஜாஸ்தியா? நகரவே காணோம்,” என்று சார் கேலி செய்தார். ஆமா சார் என்று எழுதிவிட்டு, அவர் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் சேமித்து வைத்தேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது, வெயில்கூட உறைக்கவில்லை. தங்கமாரி இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதே கேலி. ஒன்பதாம் நாள் அவள் குழுவை விட்டு வெளியேறினாள் என்று திரையில் ஒரு வரி வந்தது. பார்த்தேன். இன்னும் இரண்டு நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் சேர்த்தே நியாயம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு இங்கே வேலை நாள். பத்து மணித் தேநீர் இடைவேளையில் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே பதினொன்றரை. வாழ்த்துச் சொல்கிறேன் என்று முன்பே கேட்டு வைத்து, செல்பேசி வழியாகக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதிரேசன் சார் 200ஆம் பக்கத்தின் அழகை விளக்கி முடித்திருந்தார். “இப்ப நம்ம வெளிநாட்டு வாசகர் ஒரே ஒரு நிமிசம் வாழ்த்துச் சொல்லுவாரு,” என்று செல்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தார்கள்.

“எல்லாரும் கையில இருக்குற புத்தகத்துல நூத்தித் தொண்ணூத்தி மூணாம் பக்கத்த எடுங்க. மொத வரிய யாராச்சும் ஒரு ஆளு சத்தமா வாசிங்க,” என்றேன்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. முன்னுக்குப் புரட்டினார்கள், பின்னுக்குப் புரட்டினார்கள். அப்படி ஓர் இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல், “ஏலே, எனக்கு இல்லலே,” என்றது. “எனக்கும் இல்ல.” “எனக்குமில்ல.” யாரோ சிரித்தார்கள். கதிரேசன் சார் செருமினார்.

“பாய், இது அச்சகத்துல நடந்த தப்பு.”

“தப்பு அச்சகத்தோடதுதான் சார். எரநூறாம் பக்கத்துல மொழி உச்சத்தத் தொடுதுன்னு இப்பப் பேசுனீங்களே, அது எந்த அச்சகத்துல அடிச்சது?”

செல்பேசியை அணைக்கத் தெரியாமல் தடுமாறுவது கேட்டது. அதற்குள் சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. அன்று மத்தியானம் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். வெட்கப்படவில்லை, இப்போதும் வெட்கப்படவில்லை. அந்தச் சால்வையை அவர் தோளிலிருந்து உருவி எடுத்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் தங்கமாரிக்குப் பேசி அனுப்பினேன். நீ சொன்னதுதான் சரி, புத்தகத்தில்தான் கோளாறு, நாற்பது பேரில் உண்மையாகப் படித்தவள் நீ ஒருத்திதான் என்றேன். நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். மறுநாள் ஒரே ஒரு கேள்வி வந்தது.

“ஒங்களுக்கு இது எப்பண்ணே தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. நீ கேட்ட அன்றைக்கே தெரியும் என்றேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

“அந்தப் பதினாறு பக்கத்த நாலு தடவ படிச்சேண்ணே. மண்டையில ஏதோ கோளாறுன்னு பயந்துபோனேன். அவுக சிரிச்சாக, சரி, அவுக படிக்காதவுக. நீங்க படிச்சவுக, தெரிஞ்சவுக. ‘எனக்கும் அப்பிடித்தான் தங்கமாரி இருக்கு’ன்னு ஒரு வார்த்த தனியாச் சொல்லியிருந்தா போதும்லண்ணே? பொஸ்தகத்த அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டேன்.”

கதிரேசன் சார் என்னை ஒரு நிமிடம் பேசவிடாமல் செய்தார். நான் அவளைப் பதினோரு நாள் தனியாக நிற்க விட்டிருந்தேன். மன்னித்துவிடு என்று மூன்று முறை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி மட்டும் விழுந்தது.

பிறகு அச்சகம் சரியான பிரதிகளை அனுப்பி வைத்தது. கதிரேசன் சார் ஒதுங்கிக்கொள்ள, உண்மையாகவே படிக்க ஆசைப்பட்ட சிலர் தங்கமாரியைத் தேடிப் போய் அழைத்தார்களாம்; இப்போது ஊரில் குழு அவள் கையில் இருக்கிறது. மண்டபம் இல்லை, சால்வை இல்லை. ரெட்டியபட்டியில் அவள் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு பேர் கூடுகிறார்களாம். என்னையும் சேர்த்துக்கொண்டாள். காலையில் எல்லோரையும் கேட்பதுபோல என்னையும் கேட்கிறாள், எந்தப் பக்கம் என்று. என் புதுப் பிரதியைக் கொண்டுவர இங்கே வருகிற ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பு தாயி என்று கேட்டேன். அவள் குரல் சாந்தமாகத்தான் இருந்தது.

“அனுப்ப மாட்டேண்ணே. லீவுல வருவீகல்ல, வாங்க. எங்க வீட்டுல ஒக்காந்து, எம் பொஸ்தகத்துல படிச்சுக்கங்க. அதுவரைக்கும் நீங்களும் 192லயே நில்லுங்க.”

வேறு யாரிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். நான் கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. பெட்டியும் கையுமாகப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பேச்சி பஸ் ஏறினாளா, வீட்டுக்கே திரும்பிவிட்டாளா என்று ரெட்டியபட்டியில் பன்னிரண்டு பேருக்குத் தெரியும். கேட்டால் நான் ‘192’ என்று போடுகிறேன்.