பெட்டியோடு நின்றவர்

பங்குனி பிறந்தால் எனக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து மெசேஜ் வர ஆரம்பிக்கும். "அக்கா, நான் உங்க காலேஜ் ஜூனியர். கேம்ப் வேலை கிடைச்சிருக்கு. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" அமெரிக்காவில் ஏதோ ஓர் ஏரிக்கரைக் காட்டில், கோடை லீவுக்கு வரும் குழந்தைகளை மூன்று மாதம் மேய்க்கும் வேலை அது. படிப்பை முடித்த வருஷம் நான் போனேன். எங்கள் காலேஜிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் நான்தான் என்பதால் என் நம்பர் கைமாறிக் கைமாறி ஜூனியர்களிடம் போய்க்கொண்டே இருக்கிறது.

என்னிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. மழைக்கோட்டு. டார்ச், கூடவே பேட்டரி. மூடிய ஷூ இரண்டு ஜோடி, ஒன்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கம்பளி சாக்ஸ் இங்கே தேடி அலையாதே, அங்கே போய் வாங்கிக்கொள். கொசு மருந்து கட்டாயம். மயிலாப்பூர்க் கொசுவிடம் வளர்ந்தவள் என்று நான் மிதப்பாகப் போய் முகம் வீங்கித் திரிந்தேன். ஊறுகாய் வேண்டாம், பருப்புப் பொடி போதும். பெட்டி ஒன்றுதான், இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூடக் கூடாது.

அந்த இருபத்து மூன்று கிலோவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு கேம்ப்பிலிருந்து வந்த பட்டியல் இரண்டு பக்கம். அதில் ஒரு வரி, பாழாகிப் போனாலும் கவலையில்லை என்கிற துணிகள் ஐந்து கொண்டுவரச் சொன்னது. பெயின்ட் அடிப்பார்கள், சேற்றில் புரளுவார்கள், அதற்காக. அதை நான் தமிழில் சொன்னபோது நைனா தட்டில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"பாழாப் போறதுக்குன்னு ஒரு துணியா? அது இன்னா ஊரும்மா?"

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், பட்டு செக்‌ஷனில், இருபத்தாறு வருஷமாக சேல்ஸ்மேன். ஒரு கல்யாணக் கும்பல் வந்து நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்கிட்டு வர்றோம்" என்று எழுந்து போகும். அவர் முகம் சுளிக்காமல் அத்தனையையும் மடித்து அடுக்குவார். அந்தப் பொறுமையில் ஒரு துளி கூட எனக்கு வரவில்லை. அம்மா எனக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை.

பெட்டி அடுக்குகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் சுருட்டித் திணித்து வைத்ததை எல்லாம் வெளியே எடுத்துப் பாயில் பரப்பினார். என் டி‌-ஷர்ட்டுகளை உள்ளங்கையால் நீவி, மூன்றாக மடித்து, மறுபடி நீவி, ஓரத்தில் நிறுத்தி வைத்தார். புத்தக அலமாரி மாதிரி இருந்தது பெட்டி. தேனாம்பேட்டையில் வாங்கிய ஸ்லீப்பிங் பேக் மட்டும் அடங்க மறுத்தது. முழங்காலால் அமுக்கி, காற்றை வெளியேற்றி, கயிறு போட்டுக் கட்டினார். கட்டி முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எடை பார்க்கிற மெஷின் வீட்டில் இருந்தது. சர்க்கரை வந்ததும் உடம்பைக் குறைக்கிறேன் என்று அம்மா வாங்கி, இரண்டு நாள் ஏறி நின்று, அது சொன்னது பிடிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிய மெஷின். பெட்டியை நேராக அதன்மேல் வைத்தால் எண் தெரியாது, பெட்டியே மறைத்துவிடும். அதனால் யாராவது முதலில் தனியாக ஏறி நிற்க வேண்டும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பெட்டியின் எடை. நான் தூக்கினால் தள்ளாடுவேன், எண் குதித்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்குப் பெட்டி அசையவே இல்லை. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர் போல் நேரே பார்த்துக்கொண்டு ஆடாமல் நின்றார். நான் தரையில் குப்புறப் படுத்து எண்ணைப் படித்தேன்.

"எவ்ளோம்மா?"

"இருபத்தேழு புள்ளி ஏழு."

"நாலு கிலோ மேல போவுதே. பாக்கலாம், குறைச்சுடலாம்."

முகூர்த்த சீசன் என்பதால் அவருக்கு வார லீவு இல்லை. வாரம் ஒரு தடவை, காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன் அவர் மெஷினில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் எதையாவது வெளியே எடுத்தோம். இரண்டாவது ஜீன்ஸ், ஷாம்பு பாட்டில், அம்மா ஒளித்து வைத்த மாவடு. ஒரு பழைய பரீட்சைப் பேப்பரின் பின்பக்கம் நான் வரிசையாக எழுதி வந்தேன். முதலில் நைனா மட்டும், அடுத்து நைனாவும் பெட்டியும், கடைசியில் பெட்டி. கடைசி எண்ணுக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு போடுவேன். எனக்கு வேண்டியது அதுதான்.

நாலாவது வாரம் மெஷின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

"நைனா, இது தப்பாக் காட்டுது. உன்னைத் தனியா அம்பத்தெட்டு புள்ளி ஒம்பதுங்குது. பேட்டரி போயிடுச்சு."

மாட வீதியில் ஒரு வாட்ச் கடைக்கு ஓடிப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கிவந்து போட்டேன். அவரை மறுபடி ஏறச் சொன்னேன். அதே ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

"மட்டமான மெஷின்" என்றேன்.

"கழிச்சா சரியா வரும்ல? ரெண்டுத்துலயும் அதே தப்புதானே இருக்கப் போவுது" என்றார் நைனா. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கடை கொடுத்த சீருடைச் சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை ஒன்று போட்டிருந்தார். சாப்பிட நேரமில்லாத சீசன், தாங்க முடியாத வெயில் என்று அவர் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எனக்கு விசா, டிக்கெட், மழைக்கோட்டு என்று தலைக்கு மேல் வேலை.

கிளம்புகிற காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவரும் அம்மாவுமாகக் கடைசித் தடவை எடை போட்டுவிட்டார்கள். நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பேப்பர் பெட்டிமேல் கிடந்தது.

"இருபத்திரண்டு புள்ளி எட்டு. தாராளமாப் போலாம்" என்றார் நைனா. பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பை கொண்டுவந்தார். கடையில் ரவிக்கைத் துணி வெட்டும்போது மிச்சமாகும் பட்டுத் துண்டுகள். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு. "இன்னும் இருநூறு கிராம் கீதே, அதை ஏன் விடணும்? உங்க ஊர்ப் பொருள் ஏதாவது கொண்டாரச் சொல்லி எழுதியிருந்தாங்கன்னு சொன்னியே, பசங்களுக்குக் குடு." நான் பையைத் திணித்து, பேப்பரை மடித்து மூடியின் உள்பக்கப் பாக்கெட்டில் சொருகி, ஜிப்பை இழுத்தேன். விமான நிலையத்தில் பெட்டி சரியாக இருபத்து மூன்று காட்டியது. கவுன்டரில் இருந்த பெண் பெருவிரலை உயர்த்திச் சிரித்தாள். கண்ணாடிக்கு அப்பால் நின்ற நைனாவுக்கு நானும் அதே மாதிரி காட்டினேன்.

கேம்ப்பில் என் பொறுப்பில் ஒன்பது வயதுப் பெண்கள் பத்துப் பேர். மழை பெய்த நாட்களில் பட்டுத் துண்டுகளைக் கொட்டி வைத்து பொம்மைகளுக்கு உடை செய்தோம். போட்டோ அனுப்பினேன். நைனா குரல் பதிவு அனுப்பினார்: "பார்டர் வெளிய தெரியற மாதிரி மடிக்கச் சொல்லும்மா." லீவு நாளில் பக்கத்து டவுனுக்குப் போனால் மட்டும் வீடியோவில் பேச சிக்னல் கிடைக்கும். அவர் போனைப் பிடிக்கும் லட்சணத்தில் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். "நைனா, உன் மூஞ்சியக் காட்டு" என்று கத்துவேன். சிரிப்பார். ஜூலைக்குப் பிறகு நெட் சரியில்லை என்று வெறும் குரலோடு நிறுத்திக்கொண்டார். அதையும் நம்பினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை திரும்பி வந்தேன். வெளியே கூட்டம் கம்பியில் சாய்ந்து நின்றது. அம்மாவைப் பார்த்துக் கையாட்டினேன். பக்கத்தில் நின்றவரைத் தாண்டி என் கண் நைனாவைத் தேடியது. இரண்டு முறை தேடியது. பக்கத்தில் நின்றவர்தான் நைனா.

வண்டியில் பெட்டியை ஏற்ற அவர்தான் குனிந்தார். நான் தடுப்பதற்குள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். பாதிப் பொருளை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தேன், பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. அது தரையை விட்டு எழும்பவில்லை.

"இன்னா பெரியவரே, தூக்க முடியலையா? நவுரு, நான் தூக்குறேன்" என்றார் டிரைவர். ஒரு கையால் தூக்கிப் போட்டார். நைனா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வீடு வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். வயிற்றில் புற்று. டாக்டர் பொறுமையாகக் கேட்டார்: "எப்பலேருந்து வெயிட் குறையுது?" அம்மா என்னைப் பார்த்தாள். நான் நைனாவைப் பார்த்தேன்.

"தெரியலை டாக்டர்" என்றேன் நான். நைனா மடியில் இருந்த ஸ்கேன் கவரை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

தீபாவளி சீசனில் அவர் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அந்த ஒரு வருஷம்தான். தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னபோது, அடுக்குவதற்கு அந்தப் பெட்டியைத்தான் இறக்கினேன். எவ்வளவு நீவினாலும் என் கையில் சட்டை கோணலாகத்தான் மடிந்தது. மூடியின் பாக்கெட்டில் ஏதோ சரசரத்தது. அந்தப் பேப்பர். கடல் தாண்டிப் போய், மூன்று மாதம் என் கட்டிலுக்கு அடியில் கிடந்து, என்னோடு திரும்பி வந்திருந்தது.

முதல் தடவையாக ஒவ்வொரு வரியிலும் முதல் எண்ணை, நைனாவின் எடையை மட்டும், மேலிருந்து கீழே படித்தேன். அறுபத்து மூன்று புள்ளி நாலு. அறுபத்திரண்டு புள்ளி ஒன்று. அறுபது புள்ளி ஏழு. ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. ஐம்பத்தேழு புள்ளி ஆறு. நாங்கள் மூன்று பேரும் பாடுபட்டுப் பெட்டியில் குறைத்தது ஐந்து கிலோ கூட இல்லை. நைனா கிட்டத்தட்ட ஆறு கிலோ குறைந்திருந்தார். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதிலை நானே என் கையால் எழுதி, கழித்து, கோடு போட்டு வைத்திருந்தேன்.

என் கையால் என்பது நாலு வரிக்குத்தான் சரி. ஐந்தாவது வரி நைனாவின் கையெழுத்து. பில் புத்தகத்தில் எழுதிப் பழகிய, சாய்ந்த எண்கள். நான் குளித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் எழுதியது. பில்லை ஒரு பார்வை பார்த்து மொத்தத்தைச் சொல்கிறவர் அவர். மேலே இருந்த நாலு எண்களும் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் இருநூறு கிராமுக்கு எனக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்திருக்கிறார்.

அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "சொல்லியிருக்கலாமே நைனா, சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று சத்தம் போட்டு அழுதேன். அம்மா ஓடி வந்தாள். பேப்பரை அவளிடம் காட்டவில்லை. இன்றுவரை காட்டவில்லை.

இந்த வருஷமும் ஒரு பெண் கேட்டாள். கோட்டூர்புரத்தில் வீடு. பட்டியலை அனுப்பினேன். நன்றி சொன்னாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு மெசேஜ்: "பெட்டி இருபத்தாறு கிலோ வருதுக்கா. எங்கப்பாதான் தூக்கிட்டு மெஷின்ல நிக்கிறார். என்னைத் தூக்கவே விடமாட்டேங்கிறார்." பின்னால் சிரிக்கிற பொம்மை இரண்டு.

போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, "ஒவ்வொரு வாட்டியும் உங்கப்பா வெயிட்டை மட்டும் எனக்கு அனுப்பு" என்று எழுதினேன்.

"எதுக்குக்கா?"

"அனுப்பும்மா."

பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் அனுப்பினாள். எழுபத்து நாலு புள்ளி இரண்டு. அடுத்த வாரம் எழுபத்து நாலு புள்ளி ஐந்து. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், எழுபத்தைந்து புள்ளி ஒன்று. "எங்கப்பா ஏறிக்கிட்டே போறார்க்கா, அம்மா திட்டறாங்க."

"திட்ட வேணாம்னு சொல்லு, நல்லா சாப்பிடட்டும்" என்று பதில் போட்டேன். பெட்டி எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை.